இயலாமையும் நுழைவுரிமையும்: தமிழ் மரபையும் இலங்கைச் சட்டத்தையும் முன்னிறுத்திய சில விமர்சனக் குறிப்புகள்

1

உடற்குறையுடையோர் பற்றிய சிந்தனை எம்மிடையே நெடுங்காலமாக அறம், இரக்கம், தருமம் என்னும் எண்ணக்கருக்களுள் அடங்கியே இருந்து வந்துள்ளது. பாடசாலையிலும் தொழில் நிலையத்திலும் பொது இடங்களிலும் அவர்கள் நுழைவதும், நுழைந்தபின் ஏனையோருடன் சமமாக இயங்குவதும் உரிமைப் பிரச்சினையாக ஆராயப்பட்டமை மிகக் குறைவு. சாதி, வர்க்கம், பெண்நிலை ஆகியன பற்றி விரிவாக எழுதிய எமது முற்போக்கு விமர்சனமும் இத்துறையிலே பெரும்பாலும் மௌனமே சாதித்து வந்துள்ளது.

இது சிறுதொகையினரின் பிரச்சினை என்று கூறுவதற்கில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களுள் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் விளக்கமும், தன்னைப் பேணுதல், தொடர்பாடல் என்னும் ஆறு துறைகளுள் ஒன்றிலேனும் இடர்ப்படுவோராகக் கணிக்கப்பட்டனர். அதே மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தோர் குடித்தொகையில் 12.4 வீதத்தினராவர். இன்று படியேறுவோருட் பலர் நாளை படியின்முன் நிற்கப்போவோரே.

மேற்குறித்த மதிப்பீட்டு வினாக்களை ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். அவை யாவும் உடலை நோக்கி வினவப்பட்டவை. ஒருவரால் நடக்க இயலுமா என்று கேட்கப்பட்டதேயன்றி, அவர் செல்ல வேண்டிய பாடசாலைக்கு எத்தனை படிகள் உள்ளன என்று கேட்கப்படவில்லை. குறை உடலில் உள்ளது என்னும் எடுகோள் வினாவிலேயே அமைந்துவிடுகின்றது.

இவ்விடத்து நாம் இரு எண்ணக்கருக்களை வேறுபடுத்திக்கொள்ளுதல் அவசியமாகும். உடலுறுப்பு, புலன், உளம் ஆகியவற்றின் இயக்கத்தில் ஏற்படும் வேறுபாடு உடற்குறை எனப்படும். அவ்வுடற்குறையைக் கணக்கிலெடாத சமுதாய அமைப்பு ஒருவர்மீது சுமத்தும் தடையே இயலாமை. 1976இல் பிரித்தானியாவிலே, தாம் பிரித்தொதுக்கப்படுவதற்கு எதிராக உடற்குறையுடையோரே அமைத்துக்கொண்ட சங்கமொன்று வெளியிட்ட கொள்கை விளக்கம் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. பின்னர் மைக்கேல் ஒலிவர் முதலியோர் அதனைப் பொருள்முதல்வாத அடிப்படையில் வளர்த்தெடுத்தனர்.

நடக்க இயலாத ஒருவர் சக்கர நாற்காலியில் அரச அலுவலகமொன்றின் வாசலுக்கு வருகிறார் எனக் கொள்வோம். அங்கே 6 அங்குல உயரமுள்ள மூன்று படிகள் உள்ளன. மொத்த உயரம் 18 அங்குலம். ஓர் அடி உயரத்துக்குப் 12 அடி நீளம் என்னும் பொது விதிப்படி அவ்விடத்து 18 அடி நீளமான சாய்வுப்பாதை ஒன்று இருப்பின் அவர் தாமே உள்ளே செல்வார். அஃது இல்லையெனின் நால்வர் அவரைத் தூக்கிச் செல்லவேண்டும், அல்லது அவர் வீடு திரும்பவேண்டும். இரு நிலைமைகளிலும் அவருடைய கால்கள் ஒன்றே. மாறியது வாசல் மட்டுமே. ஆகவே இயலாமை அந்த 18 அடியைச் சார்ந்தது எனலாம்.

இந்த எளிய உண்மை எம்மாற் காணப்படாது போனமைக்கு எமது கருத்துநிலை மரபும், அம்மரபின் சாயலைத் தாங்கிய சட்டங்களும் எவ்வளவு தூரம் காரணமாயின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

உடற்குறை பற்றித் தமிழிலே நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பட்டியல்களுள் ஒன்று புறநானூற்றின் 28ஆம் பாடலிற் காணப்படுகின்றது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிக் கூறும் அறிவுரையாக அமைந்தது அப்பாடல். குருடு, உறுப்பற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்குருவம், மருள் என எட்டு வகையினரை வகுத்து, அவர்களை எச்சம் என்னும் ஒரே சொல்லால் அது தொகுக்கின்றது. உறுதிப்பொருள்களை எய்துதற்கு இப்பிறப்புகள் பயன்படா எனவும், குறைவற்ற உடல் பெற்ற அரசன் அறம் பொருள் இன்பங்களை ஆற்றுதல் வேண்டும் எனவும் பாடல் வற்புறுத்துகின்றது. உடற்குறையுடையோர் இங்கு பொருளாக வரவில்லை, அரசனின் நிறைவைப் புலப்படுத்தும் எதிர்நிலையாகவே வருகின்றனர். எச்சம் என்னும் சொல்லே மனிதப் பிறவியின் அளவுகோலிலிருந்து விடுபட்டுப் போனவர் என்னும் கருத்தைத் தாங்கி நிற்கின்றது.

மணிமேகலையில் இந்நிலை மாறுகின்றது. மதுரையில் இரந்துண்டு வாழ்ந்த ஆபுத்திரன், தான் பெற்ற உணவைக் கண்ணிழந்தோர், செவிப்புலனற்றோர், கால் முடம்பட்டோர், பேணுவோர் அற்றோர், பிணியுற்றோர் ஆகிய யாவரையும் அழைத்து அவர்களுக்கு ஊட்டியபின்னரே தான் உண்கிறான். இவர்கள் பேணப்பட வேண்டியவர்கள் என்னும் உணர்வு இங்குதான் தெளிவாக ஒலிக்கின்றது. பௌத்தம் தமிழுக்கு அளித்த பெருங்கொடைகளுள் ஒன்று இது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் எல்லையையும் நாம் காணல் வேண்டும். இங்கு உடற்குறையுடையோர் பசித்தோராக, பெறுவோராக மட்டுமே தோன்றுகின்றனர். கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும் இடையிலுள்ள உறவு அமுதசுரபியின் உறவு. பாத்திரம் ஏந்துபவனின் அருள் உள்ளவரை உணவு உண்டு. பெறுவோர் எதனையும் கோர இயலாது.

பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே தோன்றி வளர்ந்த நொண்டி நாடகங்கள் மூன்றாவதொரு நிலையைக் காட்டுகின்றன. திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் முதலியன இவ்வகையின. பரத்தையிடம் பொருளிழந்த ஒருவன் களவிலே இறங்கி, குதிரை திருட முயன்று அகப்பட்டு, உறுப்புக் குறைக்கப்பெறுகின்றான். ஒற்றைக்காலோடு அரங்கில் நின்று தன் வரலாற்றைத் தானே கூறுகின்றான். ஈற்றில் இறையருளால் இழந்த உறுப்பை மீளப் பெறுகின்றான். சைவ, வைணவ, இஸ்லாமியச் சூழல்களிலே பாட்டுடைத் தலைவர் மாறினும் கதையின் கட்டமைப்பு மாறவில்லை. உடற்குறை குற்றத்தின் தண்டனையாக வருகின்றது, அதன் தீர்வு அருளாக வருகின்றது. குறையோடு வாழும் ஒரு வாழ்க்கைக்கு இக்கட்டமைப்பிலே இடமில்லை. குணமடைந்தாலே நாடகம் முடிவுறும். இவ்வடிவத்தோடு தொடர்புற்ற நொண்டிச்சிந்து பின்னர் பாரதியின் கையிலே தேச விடுதலைக் குரலாக உயர்ந்தது. ஆயின் அச்சிந்துக்குப் பெயர் தந்த மனிதன் அந்த விடுதலையினுள் வந்து சேரவில்லை.

எச்சம், இரப்பு, தண்டனை என்னும் இம்மூன்று நிலைகளும் தம்முள் வேறுபட்டன. எனினும் ஓர் அடிப்படையில் அவை ஒன்றுபடுகின்றன. குறை உடலுக்குள்ளே இருக்கின்றது, அதற்குச் சமுதாயம் செய்யக்கூடியது இரங்குதல் ஒன்றே, என்பது மூன்றுக்கும் பொதுவான எடுகோள். சமுதாயம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் வினா இவற்றுள் எதிலும் எழவில்லை.

3

மேற்கூறியது கருத்துநிலையின் வரலாறு. நடைமுறையின் வரலாறு அதனோடு முற்றாக ஒத்துச் செல்லவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. சங்கத் தொகையிலே ஏணிச்சேரி முடமோசியாரையும் பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியாரையும் காண்கின்றோம். அவர்தம் பெயர்களின் முன்னொட்டு உடற்குறையைக் குறிப்பதாகப் பலரும் கொள்வர். இரட்டைப் புலவர்களுள் ஒருவர் கண்பார்வை அற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர் என்பதும், பார்வையற்றவர் மற்றவரைச் சுமந்து செல்ல இருவரும் சேர்ந்து பாடினர் என்பதும் மரபு. தில்லைக் கலம்பகம் அவர்கள் பெயரால் நிற்கின்றது. பார்வையற்றவரான அந்தகக்கவி வீரராகவ முதலியார் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து பரராசசேகரன் அவையிலே பரிசில் பெற்றார் என்று ஈழத்து இலக்கிய வரலாற்று மரபு பேசுகின்றது.

இவற்றைத் தனிமனித மேதைமையின் அற்புதங்களாகக் கொண்டாடுவதே வழக்கம். அவ்வாறு கொண்டாடுவது முக்கியமானதொரு வரலாற்று வினாவை மறைத்துவிடுகின்றது. பார்வையற்ற ஒருவர் புலமையின் உச்சியை அடைதற்கு அக்காலக் கல்வி முறையிலே இடமிருந்தமை எவ்வாறு என்பதே அவ்வினா.

அக்காலத்துக் கல்வி பெரிதும் கேள்வியை அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியர் பாடஞ் சொல்ல மாணவர் மனனஞ் செய்தனர். யாப்பும் எதுகையும் மோனையும் நினைவிற் கொள்ளுதற்குத் துணை செய்தன. நிகண்டும் இலக்கணமும் செய்யுளாகவே இருந்தன. ஏடு துணைக்கருவியாக நின்றது, புலமையோ நாவிலும் செவியிலும் நின்றது. வீரராகவ முதலியாருக்கு முதுகிலே எழுத்தை எழுதிக் கற்பித்தனர் என்னும் கர்ணபரம்பரைச் செய்தி உண்மையோ அன்றோ, அது கற்பிப்போர் தம் முறையை மாணவருக்கேற்ப மாற்றினர் என்னும் நினைவைப் பேணி வைத்துள்ளது. இக்கல்வி சாதியாலும் பாலாலும் பலரைப் புறத்தே நிறுத்தியது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயின் கண்ணை அது நுழைவாயிலாகக் கொள்ளவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சும், வகுப்பறையும், எழுத்துப் பரீட்சையும் பரவியபோது நிலைமை மாறியது. கற்றோன் என்பவன் அச்செழுத்தைக் கண்ணால் வாசித்துக் கையால் விடை எழுதுபவன் என்றாயிற்று. கல்வி பலருக்குத் திறக்கப்பட்ட அதே வரலாற்று நிகழ்வு பார்வையற்றோருக்கு அதனை மூடியது. அவர்தம் கண்கள் முன்போலவே இருந்தன. இலக்கிய உற்பத்தியின் முறை மாறியதால் அவர்களது இயலாமை உண்டாக்கப்பட்டது.

பிறெயில் எழுத்து இம்மூடிய கதவைத் திறக்கும் கருவியாகும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிறெயில் முறை 1951இல் வகுக்கப்பட்டதோடு தமிழுக்கும் ஒழுங்கான புள்ளியெழுத்து வாய்த்தது. இலங்கையிலே 1912இல் மேரி சப்மன் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் நிலைபெற்றது. வடக்கிலே கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குத் தமிழிற் கல்வி தந்து வந்துள்ளது. இவை ஆற்றிய பணி பெரிது. எனினும் தனிப் பாடசாலை என்பது பொதுப் பாடசாலை தன்னை மாற்றிக்கொள்ள மறுத்தமையின் விளைவும் ஆகும். கன்னங்கராவின் முயற்சியால் 1945 தொட்டு எமக்கு வாய்த்த இலவசக் கல்வி கட்டணம் என்னும் தடையை நீக்கியது. கட்டிடம், பாடநூல், பரீட்சை என்னும் தடைகள் வேறு வகையின. அவை நீங்காதவிடத்து இலவசம் என்பது வாசலுக்கு வந்து சேரக்கூடியோருக்கு மட்டுமே உரியதாகும்.

4

கல்விக்குக் கூறியது தொழிலுக்கும் பொருந்தும். வேளாண்மைக் குடும்பத்திலே வேலை பலவகைப்பட்டது, அதன் வேகத்தைக் கடிகாரம் நிர்ணயிக்கவில்லை. கூடை முடைதல், நெல் காவல், கயிறு திரித்தல், பிள்ளை பார்த்தல் எனப் பலவாறு உடற்குறையுடையோர் உற்பத்தியிற் பங்குகொள்ள இயன்றது. அக்காலத்தைப் பொற்காலமென நாம் போற்றவில்லை. நிலமானியக் குடும்பம் அவர்களைத் தங்கிவாழ்வோராகவே வைத்திருந்தது. ஆயினும் உழைப்புச் சந்தையிலிருந்து முற்றாக விலக்கும் அமைப்பு அங்கு இன்னும் தோன்றவில்லை.

முதலாளித்துவ உற்பத்தி மனித உழைப்பை நேர அளவாலும் நிறை அளவாலும் ஒரே தரமாக்கியது. மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனத்தின் முதற் பாகத்திலே, இயந்திரத்தாலும் சுரங்கத்தாலும் அங்கவீனமுற்றோரை உபரிக் குடித்தொகையின் அடித்தட்டிலே வைத்துக் காட்டுகின்றார். தொழிலே அவர்களை ஊனப்படுத்தி, ஊனப்பட்டமைக்காகவே அவர்களைத் தள்ளிவிடுகின்றது என்னும் முரண்பாட்டை அவர் கண்டிருந்தார்.

எமது மலையகத் தோட்டங்கள் இதற்கு மிக நெருங்கிய சான்றாகும். கொழுந்தின் நிறையே அங்கு நாட்கூலியின் அளவுகோலாக இருந்து வந்துள்ளது. குறித்த இறாத்தலை எட்டியவருக்கு ஒரு நாட்பேர் விழும், எட்டாதவருக்கு அரைப்பேரே விழும். அரைப்பேர் என்னும் தோட்ட வழக்குச் சொல் மிகுந்த அர்த்தமுடையது. செங்குத்தான சரிவிலே கூடை சுமந்து ஏறும் உடலே முழுப்பேர் பெறும் உடல். மூட்டுத் தேய்ந்தவரும் கண் மங்கியவரும் பாதி மனிதராகப் பதிவுசெய்யப்படுகின்றனர். புறநானூற்றுப் புலவர் எச்சம் என்றதைக் கணக்கப்பிள்ளையின் செக்குறோல் அரைப்பேர் என்றது. முன்னது பிறப்பின் மதிப்பீடு, பின்னது கூலியின் மதிப்பீடு.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த யுத்தம் வடக்கிலும் கிழக்கிலும் இப்பிரச்சினையைப் பன்மடங்காக்கியது. ஷெல்லாலும் மிதிவெடியாலும் காலிழந்தோர் பலருக்கு ஜெய்ப்பூர்க் கால் நடமாட்டத்தை மீட்டுத் தந்தது. 1968 அளவில் ஜெய்ப்பூரிலே கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் சத்திரசிகிச்சை நிபுணரான பி. கே. சேத்தியும் உருவாக்கிய கால் அது. மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்தையும் நாற்காலியையும் எதிர்பார்த்தது. ஜெய்ப்பூர்க் காலோ வெறுங்காலோடு நடப்போர், குந்தியிருப்போர், சப்பணமிட்டு அமர்வோர், சேற்றிலே இறங்கி வயல் செய்வோர் ஆகியோரின் வாழ்க்கையை மனத்திற் கொண்டு றப்பரால் ஆக்கப்பட்டது. தொழில்நுட்பம் மக்களின் வாழ்முறைக்கு இசைந்து வளைந்தமைக்கு இது சிறந்த உதாரணம். காலைச் செய்த கைவினைஞன் வயலை எண்ணினான். அலுவலகத்தைக் கட்டியவனோ அந்தக் காலை எண்ணவில்லை.

5

இக்கருத்துநிலைப் பின்னணியிலே இலங்கைச் சட்டத்தை நோக்குவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை அடிப்படை உரிமையாக்குகின்றது. அதன் இரண்டாம் பிரிவு இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகிய காரணங்களால் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. அப்பட்டியலிலே உடற்குறை எடுத்துரைக்கப்படவில்லை. நான்காம் பிரிவிலேயே உடற்குறையுடையோர் வருகின்றனர். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் சிறப்பேற்பாடு செய்வதை இவ்வுறுப்புரை தடைசெய்யாது என்பது அதன் சாரம். உரிமை கூறுமிடத்திலே பெயரில்லை, சலுகை கூறுமிடத்திலே பெயருண்டு. அமுதசுரபியின் உறவு அரசியலமைப்பிலும் தொடர்வதை இது காட்டுகின்றது.

1988இல் வெளியான பொது நிருவாகச் சுற்றறிக்கை 27/88 அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் 3 வீத வெற்றிடங்களை உடற்குறையுடையோரைக் கொண்டு நிரப்புமாறு பணித்தது. வரவேற்கத்தக்க ஏற்பாடு இது. ஆயின் கடமையை நிறைவேற்ற அவர்தம் குறை தடையாகாதிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையும் உடன் வந்தது. தடை எது, அதை யார் தீர்மானிப்பது என்பவை முக்கியமான வினாக்கள். பார்வையற்ற ஒருவர் கணினியில் ஒலிவழி வாசிக்கும் வசதி இருப்பின் கோப்புப் பணி செய்வார், இல்லையெனின் செய்ய இயலாது. நடக்க இயலாதவருக்குத் தரைத்தளத்தில் மேசை இடப்படின் தடையில்லை, மூன்றாம் மாடியில் இடப்படின் தடை உண்டு. தடையைப் படைப்பவரே தடை உண்டெனச் சான்று கூறி விலக்குவதற்கு அந்நிபந்தனை வழிவிட்டது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இவர்களது உரிமைகளைப் பாதுகாக்கவென்றே இயற்றப்பட்டது. அதன் வரைவிலக்கணம், உடல் உள ஆற்றல்களில் உள்ள குறைபாட்டின் காரணமாக வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவுசெய்துகொள்ள இயலாதவரை உரிமையாளராகக் கொண்டது. இங்கும் குறை உடலிலேயே வைக்கப்பட்டது. தங்கிவாழ்தல் உரிமைக்கான தகுதியாக்கப்பட்டது. உழைத்துத் தன்காலில் நிற்க விரும்பும் ஒருவர், தன்காலில் நிற்க இயலாதவர் என முதலில் மெய்ப்பித்தல் வேண்டும் என்னும் முரண்பாடு இதிலே பொதிந்துள்ளது.

அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு மேலும் நுணுகி நோக்கத்தக்கது. தொழிலுக்கு ஆட்சேர்ப்பதிலும் கல்வி நிறுவனத்துக்கு அனுமதிப்பதிலும் பாரபட்சம் கூடாது என்று அது விதித்தது. சேர்த்துக்கொண்டபின் என்ன என்பது அங்கு கூறப்படவில்லை. அனுமதி பெற்ற மாணவி மேல்மாடி விரிவுரை மண்டபத்தை எவ்வாறு அடைவாள், பதவி பெற்ற எழுதுவினைஞர் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவார் என்பன சட்டத்தின் பார்வைக்கு அப்பால் நின்றன. பொது இடங்களைப் பொறுத்தவரை, உடற்குறையின் காரணமாக எவருக்கும் கட்டுப்பாடு விதிக்கலாகாது என்றது அப்பிரிவு. ஆனால் படிக்கட்டு எவருக்கும் கட்டுப்பாடு விதிப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே உயரத்தோடு அது நிற்கின்றது. எவரையும் பெயர் கூறி விலக்காமலே சிலரை முற்றாக விலக்கிவிடுகின்றது. தடைசெய்வோன் ஒருவன் நிற்பான் என எண்ணி எழுதப்பட்ட சட்டத்தால் ஆளில்லாத இத்தடையைப் பற்றிப்பிடிக்க இயலவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பவே 2006இல் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. சாய்வுப்பாதை, வாயில் அகலம், மின்தூக்கி, கழிப்பறை முதலியவை பற்றி அவை விதித்தன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டிடங்களை மாற்ற மூன்று ஆண்டுகள் அவகாசம் கொடுக்கப்பட்டது. 2009இல் அவை திருத்தப்பட்டன. விதிகள் ஏட்டிலேயே நிற்பதைக் கண்டு, சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவரும் இத்துறைச் செயற்பாட்டாளருமான அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். புதிய பொதுக் கட்டிடங்கள் அவ்விதிகளுக்கு அமையவே கட்டப்படுதல் வேண்டும் என 2011 ஏப்பிரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. அரசு தானே ஆக்கிய விதியை நடைமுறைப்படுத்தும்படி குடிமகன் ஒருவர் நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தமை சிந்திக்கத்தக்கது.

2006 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, உடற்குறைக்கும் சூழலிலுள்ள தடைகளுக்கும் இடையிலான ஊடாட்டத்திலிருந்தே இயலாமை எழுகின்றது என்றது. நியாயமான இசைவாக்கத்தை மறுத்தலே பாரபட்சம் எனவும் வரையறுத்தது. இலங்கை 2007இல் இதிற் கைச்சாத்திட்டு, 2016 பெப்ரவரியிலே உறுதிப்படுத்தியது. குறையை உடலில் வைத்த 1996ஆம் ஆண்டு வரைவிலக்கணமும், அதனைத் தடையோடு சேர்த்து நோக்கிய இவ்வுடன்படிக்கையும் தம்முள் இணங்காதவை. ஒன்றை ஏற்பின் மற்றையது கைவிடப்படல் வேண்டும்.

6

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் நுழைவு பற்றிய வாசகம் எங்கிருந்து வந்தது என்பதை ஆராயும்போது எமது சொந்த வரலாற்றிலேயே அதன் முன்மாதிரியைக் காண்கின்றோம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு கடை, பொது உணவகம், வழிபாட்டுத்தலம் முதலியவற்றுள் நுழைவதற்குச் சாதி முதலியவற்றின் காரணமாகத் தடை விதிக்கலாகாது என ஏறத்தாழ இதே மொழியிற் கூறுகின்றது. அதற்கும் முன்னோடி தீண்டாமைக்கு எதிரான 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். தமிழிலே சமூகக் குறைபாடுகள் பற்றிய சட்டம் என நாம் அதனை வழங்கி வந்துள்ளோம். அச்சட்டமும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் ஆங்கிலத் தலைப்பில் டிசபிலிட்டி என்னும் ஒரே சொல்லையே ஆள்கின்றன. தேநீர்க்கடைக்குள் விடப்படாதவனின் நிலையும் படியேற முடியாதவனின் நிலையும் ஒரே பெயர் பெற்றிருந்தன. தமிழ் மொழிபெயர்ப்பு இந்த உறவை எம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

1957இல் சட்டம் வந்தது. எனினும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளும் கோயில்களும் அதனாலே திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன. கே. டானியலின் பஞ்சமர் அக்காலப் போராட்டங்களிலிருந்தே பிறந்தது. சட்டம் உரிமையை எழுதும், இயக்கமே அதனை வாசலுக்குக் கொண்டுவரும் என்பது அவ்வரலாறு தரும் முதற் பாடம்.

இவ்வொப்புமையை மிகைப்படுத்தலும் தவறாகும். இரு வேறுபாடுகளை நாம் சுட்டவேண்டும். முதலாவது, சாதித்தடை திட்டமிட்ட விலக்கு. காவல் நிற்போரை அகற்றினால் வாசல் திறக்கும். உடற்குறையுடையோரின் தடையோ பெரும்பாலும் கவனமின்மையின் விளைவு. அங்கு அகற்றுதல் போதாது, கட்டுதல் வேண்டும். எல்லோரையும் ஒரேவிதமாக நடத்துதல் முன்னதில் சமத்துவமாகும், பின்னதில் அதுவே சமத்துவமின்மையாகும். இரண்டாவது, ஒடுக்கப்பட்ட சாதியினர் ஒரே குறிச்சியில் வாழ்ந்து, ஒரே தொழில் செய்து, ஒன்றாக அணிதிரள இயன்றது. உடற்குறையுடையோர் வீட்டுக்கு ஒருவராகச் சிதறியுள்ளனர். வீட்டில் நடக்கவிருக்கும் சகோதரியின் கலியாணப் பேச்சுக்காக உள்ளறையில் மறைக்கப்படுவோரும் அவர்களுட் பலர். வெளியே வர வழியின்மையால் அவர்கள் ஒன்றுசேர்வதில்லை, ஒன்றுசேராமையால் வழி பிறப்பதில்லை. பேருந்தில் ஏற இயலாத ஒருவர் கூட்டத்துக்கும் வர இயலாது. ஆகவே நுழைவுரிமை என்பது ஏனைய உரிமைகளுள் ஒன்றன்று, ஏனைய உரிமைகளைக் கோருவதற்கான முன்நிபந்தனையாகும்.

வறிய நாடு இச்செலவைத் தாங்குமா என்னும் வினா இங்கு வழக்கமாக எழுப்பப்படும். கட்டும்போதே சாய்வுப்பாதையும் அகன்ற வாயிலும் அமைப்பதற்கு ஆகும் செலவு மொத்தச் செலவிலே மிகச் சிறிய பங்கு. கட்டியபின் இடித்து அமைப்பதே செலவு மிக்கது. அன்றியும் படிக்கட்டுக்கும் மேல்மாடிக்கும் ஆகும் செலவை எவரும் சலுகை என்பதில்லை. நடப்போருக்காகச் செய்யப்படும் செலவு கட்டிடச் செலவு எனவும், நடக்க இயலாதோருக்காகச் செய்யப்படும் செலவு தருமச் செலவு எனவும் கணக்கெழுதுவது கருத்துநிலையின் வேலையேயன்றிப் பொருளியலின் வேலையன்று.

7

ஈற்றிலே எமது சொற்களையும் எமது நிறுவனங்களையும் பற்றிச் சில கூறுதல் தகும். அங்கவீனர், ஊனமுற்றோர், வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்று வலுவுடையோர், மாற்றுத்திறனாளிகள் எனச் சொற்கள் மாறி வந்துள்ளன. இழிவு நீங்கிய சொல்லைத் தேடுதல் நாகரிகத்தின் அடையாளம். ஆயினும் புதுச்சொற்களும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவையல்ல. நூலகத்துள் நுழைய விரும்புவது விசேட தேவையன்று, கற்போர் அனைவருக்கும் பொதுவான தேவை. மாற்றுத்திறன் என்னும் சொல், குறையை ஈடுசெய்யும் அரிய திறனொன்றை அவரிடம் எதிர்பார்க்கின்றது. சாதாரணமானவராய் இருந்து சாதாரணமானதொரு தொழில் பார்க்கும் உரிமையை அது மறந்துவிடக்கூடும்.

முற்போக்கு எழுத்தும் இங்குத் தன்னைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். குருட்டு நம்பிக்கை, முடமான பொருளாதாரம், செவிடான அரசு, நொண்டிச்சாட்டு என்று எமது விமர்சன மொழி எதிரியை இகழ்வதற்கு உடற்குறையையே துணைக்கழைக்கின்றது. உழைக்கும் மக்களின் மொழியை மதிக்க வேண்டும் என்று வாதிடும் ஒரு மரபு, அம்மக்களுள் ஒரு பகுதியினரின் உடலை வசைச் சொல்லாகக் கையாளுதல் பொருந்தாது. எச்சம் என்ற பழம்புலவனின் அளவுகோல் எமது பேனாவிலும் இருந்து வருகின்றது.

பல்கலைக்கழகங்கள் இத்துறையிலே முன்னுதாரணமாக நிற்கவேண்டியவை. அனுமதியிலே சிறப்பேற்பாடு செய்வதோடு கடமை முடிந்ததெனக் கொள்ளுதல் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறையையே மீளச் செய்வதாகும். பேராதனை வளாகம் ஹந்தானைச் சரிவிலே அமைந்து தன் அழகுக்காகப் புகழப்படுவது. சரிவையும் படியையும் அழகாகக் காணும் கண்ணோடு, அவற்றை ஏற இயலாத மாணவரின் நாளாந்தப் பாதையையும் காணும் கண் எமக்கு வேண்டும். விரிவுரைகளைத் தரைத்தளத்துக்கு மாற்றுதல், நூல்களை ஒலிவடிவிலும் பிறெயிலிலும் ஆக்குதல், பரீட்சையிலே மேலதிக நேரமும் எழுதுநரும் வழங்குதல், சைகைமொழி பெயர்ப்பாளரை அமர்த்துதல் ஆகியன பெருஞ்செல்வத்தை வேண்டி நிற்பனவல்ல. வாசிக்க இயலாதோருக்கான பிரதிகளை ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாகாது இருக்கவென 2013இல் எழுந்த மறாக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கையும் 2016இல் இணைந்தது. தமிழ்ச் சங்கங்களும் ஆய்விதழ்களும் தாம் வெளியிடும் ஒவ்வோர் இதழையும் செவிக்கும் விரலுக்கும் எட்டச் செய்வதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவர்களைப் பற்றிய தீர்மானங்கள் இவர்கள் இல்லாத கூட்டங்களிலே எடுக்கப்படும் நிலை ஒழிதல் வேண்டும். கட்டிடத் திட்டக் குழுவிலும், பாடவிதானக் குழுவிலும், தொழிற்சங்க நிருவாகத்திலும் அவர்கள் அமர்தல் வேண்டும். அதற்கு முதற்படி அக்கூட்டம் நிகழும் மண்டபத்துக்கு அவர்கள் வந்து சேரக்கூடியதாய் இருத்தலே. ஆபுத்திரன் தன் பாத்திரத்தோடு அவர்களை அழைத்தான். அவ்வழைப்பின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இன்று வேண்டப்படுவது அழைப்பை எதிர்பாராமலே அவர்கள் தாமாக வந்து, தமக்குரிய இடத்தில் அமர்ந்து, தமக்குரியதைக் கோரக்கூடிய வாசலாகும்.